கோளாறு இல்லை

கரண்டில் கை வைக்கிறவன் எல்லாம் துணிந்தவன் என்று ஊர் நினைக்கிறது. தன்னாமுனைச் சந்தியில் முப்பது வருசமாக கம்பி சுற்றி மோட்டர் கட்டும் கடை வைத்திருக்கிறேன். உதயரூபன் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கடையைக் காட்டும். அந்தச் சந்தியில் என்னை விடப் பயந்தாங்கொள்ளி ஒருத்தனும் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வயரைத் தொட முன்னம் நாலு தரம் சோதித்துப் பார்க்கிறவனை ஊர் கெட்டிக்காரன் என்கிறது. அவன் கை நடுங்குவதை யார் பார்த்தார்கள்?

போன வருசப் புயலில் கைபேசிக் கோபுரங்கள் எல்லாம் செத்துப்போய், வாவிக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையான படுவான்கரையில் சனம் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நாள் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்தது. அங்கேதான் என் தங்கச்சி கண்ணகை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்த இரண்டு நாள் பட்ட பாட்டில்தான் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கோபுரம் இல்லாமலே செட்டுக்குச் செட் பேசுகிற பழைய அமெச்சூர் வானொலி நிலையத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கினோம். பழையது என்றால், சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த தொண்டர்கள் வாவியோரத்து மீனவர் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு மேசையும் சுவரில் கேபிள் போன ஓட்டையும்தான் மிச்சம்.

எங்களுக்குத் தலைவி ஸில்மியா டீச்சர். ஏறாவூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறவர். வானொலிப் பரீட்சையைத் தான் முதலில் பாஸ் பண்ணி, பிறகு எங்களையும் பிடித்து இருத்திப் பாஸ் பண்ண வைத்தவர். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலரைக்கு நிலையத்திலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பேர், இடம், பட்டரி எவ்வளவு, கடைசியாகக் கோளாறு. கோளாறு இல்லாவிட்டால் "கோளாறு இல்லை" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் சும்மா "ஓகே" என்று சொல்லிவிட்டு நிற்க, "ஓகே எண்டா என்ன அண்ணன், பாஸ் மார்க் நாப்பதுக்கு மேலயா கீழயா?" என்று கேட்டார். ஏழு செட்டிலும் சிரிப்புக் கேட்டது. வாயால் சொன்னால்தான் இடாப்புக் கொப்பியில் எழுதுவார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவார்.

ஆவணி மாதம் நாற்பதடிக் குழாயை நிமிர்த்தி அன்டெனா ஏற்றினோம். மின்னல் விழுந்தால் நிலத்துக்குள் இறங்கிப் போவதற்கு எட்டடிச் செப்புக் கம்பி றொட் ஒன்றை மண்ணுக்குள் அடிக்க வேண்டும். எர்த் வேலை என்றால் வேறு யார், நான்தான். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் தனியாக நின்று அலவாங்குக் கடப்பாரையால் குழி குத்தினேன். இரண்டரை அடியில் டங் என்று கேட்டது.

இரும்புச் சத்தம். கல்லில் பட்டால் அப்படிக் கேட்காது.

அந்த வளவில் யுத்த காலத்தில் ஒரு காவலரண் இருந்தது. மண்ணுக்குள் எதை விட்டுவிட்டுப் போனார்களோ தெரியாது. அலவாங்கைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் அசையாமல் நின்றேன் என்றும் தெரியாது. காற்சட்டை நனைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு மெல்ல மெல்ல அலவாங்கை இழுத்தேன், மண்ணைக் கையால் தள்ளிக் குழியை மூடினேன். இனி அந்த வளவில் எந்த இடத்தில் குத்தவும் எனக்கு மனம் வரவில்லை. கட்டடம் கட்டும்போது கொட்டிய மணல் சுவரோரம் கிடந்தது. அது பிறகு வந்த மணல், அதற்குள் ஒன்றும் இருக்காது. றொட்டை இரும்பறுக்கும் வாளால் இரண்டடிக்கு வெட்டி, அந்தக் காய்ந்த மணலுக்குள் செருகி, நாலு அங்குலம் மேலே தெரிய விட்டு வயரைக் கட்டினேன். மிச்ச ஆறடியைச் சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

"எட்டடியும் போயிட்டுதா அண்ணன்?" என்று டீச்சர் வந்து கேட்டார்.

"போயிட்டுது டீச்சர்."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் ஏழு பேரில் ஒருத்தி கஜானி. வந்தாறுமூலைக் கம்பசுக்கு முன்னால் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறாள். அதற்கு முதல் ஆறு வருசம் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் நின்றவள். "புள்ள, மண்ணுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுது" என்று அவளிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் நனைந்ததையும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். நாளை வந்ததும் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். பின்னேரம் நாலரைக்கு டீச்சர் கூப்பிட்டார். "உதயரூபன், தன்னாமுனை, பட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறு, கோளாறு இல்லை" என்றேன். அதற்குப் பிறகு தொண்ணூறு பின்னேரம் அதையே சொன்னேன். முதல் வாரம் வேகமாகச் சொல்லி முடித்தேன். பிறகு பழகிவிட்டது.

கார்த்திகை தொடக்கத்தில் மழை விடாமல் பிடித்தது. படுவான்கரைக்கு ஒரு செட்டோடு ஒருத்தர் போய் நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்ல, தங்கச்சி வீடு இருக்கிறதென்று நான் போனேன். நான் போன மறுநாள் தாம்போதிப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து றோட்டு அறுந்தது. கைபேசியும் போனது. அடுத்த நாள் மத்தியானம் கண்ணகையின் புருசன் இராசதுரை வயல் வட்டைக்குள் வரம்பை வெட்டித் தண்ணீர் விடப் போனவர், இரண்டு பேரின் தோளில் திரும்பி வந்தார். புடையன் பாம்பு கடித்திருந்தது. கணுக்கால் முழங்கால் மொத்தத்துக்கு வீங்கி, பல்முரசிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

செட்டை எடுத்தேன். என்னுடையது கைச்செட். தாழ்ந்த கரையிலிருந்து நிலையத்தின் உயரமான அன்டெனாவை மட்டும்தான் அது எட்டும். டீச்சர் உடனே எடுத்தார். கஜானியும் அவரோடு நிலையத்தில் நின்றாள். எங்கள் ஏழு பேரில் ஒருவரான அஸாம் எஞ்சின் போட் வைத்து மீன் பிடிக்கிறவர். பத்து நிமிசத்தில் அவர் ஒரு செட்டோடு போட்டை எடுத்துவிட்டார். அவருக்கு நான் கேட்காது, எனக்கு அவர் கேட்காது. இரண்டு பேருக்கும் நடுவில் டீச்சர்.

"அஸாம் வெளிக்கிட்டுட்டார். துறை எப்பிடி?" என்று கேட்டார்.

"துறை தண்ணிக்குள்ள, டீச்சர். வேலிக்கம்பியெல்லாம் அடியில கிடக்கு, போட் சிக்கிப்போகும். அம்மன் கோயிலடிக்கு வரச் சொல்லுங்க. மருதமரத்தக் கண்டு திரும்ப வேணும்."

"மழையில கரையே தெரியல்ல எண்டு சொல்றார். அவர் கேக்கக் கேக்க நான் உங்களிட்டக் கேட்டுச் சொல்றன். செட்டை மூடிடாதீங்க."

அதுவரைக்கும் இடி எங்கள் தலைக்கு மேல்தான் நின்றது. பிறகு மெல்லக் கிழக்கே நகர்ந்து வாவிக்கு மேல் போனது. எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அது எங்கே போகிறது என்று உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

எங்கள் கரையிலிருந்து நிலையத்துக்கு நேர்கோட்டில் ஐந்து கிலோமீட்டர். அந்தப் பக்கம் மின்னி வானம் வெளித்தது. உடனேயே செட்டில், டீச்சரின் மைக்குக்குள்ளால், இடி கேட்டது. அதே இடி காற்றில் வந்து என் காதில் விழப் பதினைந்து எண்ண வேண்டியிருந்தது. அவருக்கு விழுகிற இடி எனக்கு இரண்டு தரம் கேட்டது. முதல் செட்டில், பிறகு வானத்தில்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது எண்ண முடியாவிட்டால் அன்டெனாக் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, முனையை ஒரு அச்சாறுக் கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு, யன்னல் பக்கம் வைத்துவிட்டு எல்லோரும் கீழே இறங்க வேண்டும். இது டீச்சரே எழுதிச் சுவரில் ஒட்டிய சட்டம். அவருக்கு அப்போது பத்துக்கூட எண்ண முடிந்திருக்காது.

"டீச்சர், இடி உங்களுக்குக் கிட்ட. கழட்டுங்க" என்றேன்.

"தெரியும் அண்ணன். ஒரு மனிசன்ட உசிரல்லவா நடுவில கிடக்கு. எர்த்து நீங்க போட்டதுதானே, எட்டடி. பயப்படாதீங்க. அஸாம் கேக்கிறார், கோயிலுக்கு இஞ்சால மூங்கில் பத்தை ஏதும் இருக்கா?"

"ஓம், இருக்கு. அதுக்கு இடப்பக்கமா வரச் சொல்லுங்க" என்றேன். சொன்ன குரல் என்னுடையது போல இல்லை.

கண்ணகை புருசனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். செட்டில் வந்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது. நான் உண்மையைச் சொன்னால் டீச்சர் கழற்றிவிடுவார். கழற்றினால் போட்டுக்கு வழி சொல்ல ஆளில்லை, போட் தடுமாறினால் மச்சான் இல்லை. சொல்லாவிட்டால், அந்த மேல்மாடியில் ஹெட்போனைக் காதில் போட்டுக்கொண்டு, நான் மணலில் குத்திய இரண்டடிக் கம்பியை நம்பி ஒரு பெண் இருக்கிறாள். அவருக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் மின்னலுக்கு நான் சொல்லவில்லை. இரண்டாவதுக்கும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது, எத்தனை மழைக்கு அந்தக் குழாய் சும்மா நின்றது, இன்னும் பத்து நிமிசம்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு நாளாக எனக்கு நானே சொல்லிப் பழகிய பேச்சு அது.

மூன்றாவது விழுந்தபோது மின்னலின் கரகரப்பும் இடியும் செட்டில் ஒன்றாக வந்தன. அதற்குள்ளால் டீச்சர் மெல்ல "யா அல்லாஹ்" என்றது கேட்டது. உடனே பழைய குரலில், "அஸாம், பத்தைக்கு இடப்பக்கம், மெதுவா வாங்க" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"படுவான்கரை, உங்கட குரல் விட்டு விட்டு வருது. செட்டில கோளாறு ஏதும் இருக்கா?"

வழக்கமாகக் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். நான் பேசுகிற பொத்தானை அழுத்தினேன்.

"கோளாறு இருக்கு, டீச்சர். என்ட செட்டில இல்ல. உங்கட எர்த்தில. எட்டடி இல்ல, ரெண்டடி. அதுவும் காஞ்ச மணலுக்க. குழிக்குள்ள இரும்புச் சத்தம் கேட்டுப் பயந்து நான் கம்பிய வெட்டின. உங்களுக்குப் பொய் சொன்ன. கழட்டுங்க. இப்பவே கழட்டிட்டுக் கீழ ஓடுங்க."

"கஜானி" என்று டீச்சர் கூப்பிட்டது கேட்டது. அதோடு எல்லாம் நின்றது.

நின்ற கையோடு வாவிக்கு அப்பால் முழு வானமும் வெள்ளையானது. நான் எண்ணினேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. பதினைந்தில் இடி வந்து எங்கள் ஓட்டுக்கூரையை உலுக்கியது. செட்டில் வெறும் இரைச்சல். கேபிளைக் கழற்றியிருந்தாலும் அந்த இரைச்சல்தான். ஆள் முடிந்திருந்தாலும் அந்த இரைச்சல்தான்.

"அண்ணா, போட்டுக்கு இனி ஆர் வழி சொல்ற?" என்று கண்ணகை கேட்டாள்.

அவள் என் முகத்தை ஒருக்கால் பார்த்தாள். புருசனின் தலையைத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அம்மன் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. பூசை மணி மாதிரி இல்லை, நிறுத்தாமல், தாறுமாறாக அடித்தாள். நான் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது.

"மணிச் சத்தத்தப் பிடிச்சுத்தான் வந்த" என்றார் அஸாம், மச்சானைத் தூக்கிப் போட்டில் கிடத்திக்கொண்டே. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார், "நிலையத்தில என்ன நடந்த? ஒருத்தரும் பேசுறாங்க இல்ல."

"தெரியா" என்றேன். எர்த்தைப் பற்றி நான் சொன்னது அவருடைய செட்டை எட்டியிருக்காது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் நடு வாவியில் வரும்போது மணி நாலரை. ஆவணியிலிருந்து ஒருநாள் தவறாமல் அவர் கூப்பிடுகிற நேரம். நான் செட்டைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன். நாலு முப்பத்தைந்து. நாலு நாற்பது. ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். டீச்சருடையதையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

சங்கத்துத் துறையில் அம்புலன்ஸ் நின்றது. அதற்குப் பக்கத்தில் கஜானி நனைந்துகொண்டு நின்றாள். மச்சானை ஏற்றக் கை கொடுத்தாள்.

"இருக்கிறா" என்றாள் பிறகு. நான் சேற்றிலேயே குந்திவிட்டேன். கஜானி என்னைத் தூக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"டீச்சர் கூப்பிட்ட கையோட நான் கேபிளக் கழட்டி எறிஞ்ச. போத்தலுக்க போட நேரமில்ல. டீச்சர் எழும்பினவ, ஹெட்போன் காதிலேயே கிடந்த. கேபிள் முனையில இருந்து யன்னல் கம்பிக்கு நெருப்புப் பாஞ்ச. ரெண்டு பேரையும் தூக்கி அடிச்ச. செட், மேசை, எல்லாம் கரி. டீச்சருக்கு வலது காது கேக்கல்ல. திரும்ப வருமா எண்டு டொக்டருக்கும் சொல்லத் தெரியல்ல."

"நான் சொல்லாம விட்டிருந்தா?"

"அத ஏன் என்னட்டக் கேக்கிறீங்க?" என்றாள்.

மழை விட்ட பிறகு ஒருநாள் காலையில் அந்தக் குழியைக் காட்டச் சொல்லிக் கஜானி என்னையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள். எங்களை எல்லாம் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மெல்லிய கம்பியோடு வயிற்றில் படுத்தாள். மண்ணைத் தேக்கரண்டியால் எடுக்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் மதிலுக்கு மேலால் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது வெடித்தால் அதுவும் என் கணக்கில்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. பிறகு எழும்பி முழங்காலில் இருந்தபடி, வரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

உள்ளே கிடந்தது ஒரு செப்புத் தகடு. இரண்டடிக்கு இரண்டடி, பச்சைக் களிம்பு பிடித்து, மூலையில் வயர் கட்டுகிற ஆணியோடு. சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் பழைய நிலையத்துக்குப் புதைத்த எர்த். என் அலவாங்கு பட்ட காயம் நடுவில் பளபளத்தது. அந்த வளவிலேயே அதை விட நல்ல எர்த் கிடையாது. பயந்து ஓடாமல் வயரை அதில் முறுக்கி விட்டிருந்தால் போதும்.

"ஒரு சொல்லு அண்ணன்" என்றாள் கஜானி, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு. "மூண்டு மாசத்துக்கு முந்தி ஒரு சொல்லு." திட்டியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

இராசதுரை மச்சான் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிவிட்டார். கண்ணகை என்னோடு பேசுகிறாள். கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்கிறாள். நிலையத்துக்கு ஊர் ஊராகக் கேட்டு இன்னொரு பழைய செட் எடுத்தோம். தகட்டில் புதிதாக வயர் கட்டுகிற வேலையை நான் கேட்காமலே எனக்குத் தந்தார்கள். கட்டினேன், மூன்று தரம் மீற்றர் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

டீச்சர் திரும்பி வந்த முதல் நாள் நான் கீழே, புதிதாகக் கட்டிய எர்த்துக்குப் பக்கத்தில் செட்டோடு நின்றேன். மேலே போய் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. யன்னலால் அவருடைய தோள் தெரிந்தது. ஹெட்போனை இடது காதுக்கு மாற்றி, தலையைச் சரித்துக்கொண்டு இருந்தார். சரியாக நாலரைக்குக் குரல் வந்தது.

"ஸில்மியா, நிலையம், பட்டரி பன்னிரண்டு புள்ளி ஏழு. கோளாறு, வலது காது." அவர் பாட்டுக்கு இடாப்பைத் தொடர்ந்தார். கஜானி சொன்னாள், அஸாம் சொன்னார். பிறகு என் பேர் வந்தது.

"உதயரூபன், நிலையத்துக்குக் கீழ, பட்டரி பன்னிரண்டு புள்ளி நாலு" என்றேன். அடுத்த இரண்டு சொல் வாயில் வரவில்லை. எர்த் சரி என்று எனக்குத் தெரியும். காலடியில்தான் கிடக்கிறது. இருந்தாலும் குனிந்து வயர் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

"கோளாறு, அண்ணன்?"

"இல்ல டீச்சர். எர்த்து வடிவாக் கட்டியிருக்கன். எண்டாலும் நீங்க ஒருக்கா ஆரையும் விட்டுப் பாருங்க."

"அத நாங்க நேற்றே பார்த்திட்டம்" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.